விடிகாலை நான்கு மணி எல்லோருக்கும் ஒன்றல்ல

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் இரவு பதினோரு மணிக்கு மேல்தான் தனக்குப் பாடம் ஏறுகிறது என்கிறான். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்று மாமனார் அவனை நாள்தோறும் எழுப்பிவிடுகிறார். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் சுழற்சி முறையில் வேலை பார்க்கும் கணவரோ, இரவு ஷிப்ட் முடித்து வரும் நாட்களில் தமக்குச் சோர்வே தெரிவதில்லை என்கிறார்; ஆனால் அந்தக் காலை வேளைகளில் வீட்டில் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறுவதில்லை. மூளை நாள் முழுவதும் ஒரே மாதிரி வேலை செய்யுமா, இல்லையென்றால் எந்த நேரம் நல்ல நேரம் என்று கேட்கிறார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மா. மூளை நாள் முழுவதும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கவனம், நினைவு, கைவேகம், வலி, வாசனை, நேரம் கழிவதைப் பற்றிய உணர்வு ஆகிய எல்லாமே ஒரு பகலிரவுக்குள் ஏறி இறங்குகின்றன. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்லை. அவரவர் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தை ஒட்டி நடக்கிறது. அந்தக் கடிகாரம் உங்கள் மாமனாருக்கும் மகனுக்கும் சில மணி நேரம் வேறுபடக்கூடும். ஆகவே தத்தம் உடலைப் பற்றி அவ்விருவரும் சொல்வது சரிதான். அதை அடுத்தவர் உடலுக்கும் விதியாக்கும்போதுதான் பிழை நேர்கிறது. சோர்வே இல்லை என்ற உங்கள் கணவரின் கூற்றை மட்டும் நான் ஏற்க மாட்டேன். புதுச்சேரியில் பல்லாண்டுகள் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அந்த மூன்றாவது செய்தியைத்தான். அதற்கு வருமுன் கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நம் ஊர்ச் சாலையோரப் புளியமரம் பொழுது சாய்ந்ததும் இலைகளைக் கூப்பிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அலெக்சாண்டரின் படையில் இருந்த ஆண்ட்ரோஸ்தினிஸ் என்பவர், இன்று பஹ்ரைன் எனப்படும் தீவில் இதே புளியமரத்தின் இலையசைவைக் கண்டு கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்தார். 1729இல் பிரான்சைச் சேர்ந்த தெ மேரான் தொட்டாற்சுருங்கிச் செடியை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். இருட்டிலும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மூடின. வெயிலுக்கு இலை மறுமொழி சொல்கிறது என்ற விளக்கம் அத்துடன் போதாமல் போயிற்று. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்க வேண்டும் என்றாயிற்று. அந்தக் கடிகாரம் மரபணுக்களால் ஆனது என்பது 1971இல் கொனோப்கா, பென்சர் என்னும் இருவர் பழ ஈக்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து புலப்படத் தொடங்கியது. ஒரு மரபணு புரதத்தை உண்டாக்குகிறது. சேர்ந்துகொண்டே போகும் அந்தப் புரதம் ஒரு கட்டத்தில் தன்னை உண்டாக்கிய மரபணுவையே அடக்குகிறது. பிறகு புரதம் சிதைந்து குறைந்ததும் மரபணு மறுபடி வேலையைத் தொடங்குகிறது. இந்தச் சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. இதன் நுட்பங்களை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நம் உடலில் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் இத்தகைய சுற்று ஓடினாலும், அவற்றை ஒரு தாளத்தில் நிறுத்தும் தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸில் இருக்கிறது. சூப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ் என்னும் அந்த நரம்புத் திரளில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள்தான் உள்ளன. அதன் இருப்பிடமே அதன் தொழிலைச் சொல்லிவிடுகிறது: கண்ணிலிருந்து வெளிச்சத்தைப் பற்றிய செய்தி நேராக அதற்கு வருகிறது. வெளிச்சமே காணாத நிலையில் மனிதக் கடிகாரம் சராசரியாக 24 மணி 10 நிமிடம் அளவில் ஒரு சுற்றை முடிக்கிறது. அந்தச் சில நிமிட நீட்சியை நாள்தோறும் திருத்தி வைப்பது காலை வெளிச்சம்.

திருத்தும் வேலையைச் செய்வது நாம் உருவங்களைக் காணப் பயன்படுத்தும் உயிரணுக்கள் மட்டுமல்ல. விழித்திரையில் மெலனாப்சின் என்னும் நிறமி கொண்ட வேறொரு வகை நரம்பணுக்கள் இருப்பது 2002இல் உறுதியாயிற்று. அவை ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு மிகுதியாக மறுமொழி தருகின்றன. எதைப் பார்க்கிறோம் என்பதைவிடச் சுற்றிலும் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதையே மூளைக்கு அறிவிக்கின்றன. அதனால்தான் பார்வை முற்றிலும் இழந்தவர்கள் சிலருக்கு உடற்கடிகாரம் மட்டும் ஒழுங்காகவே ஓடுகிறது. அந்த நரம்பணுக்களும் அழிந்துபோனவர்களுக்கோ தூக்க நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போகிறது.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இந்த வகையில் இயற்கை தாராளமாகவே வழங்கியிருக்கிறது. பன்னிரண்டு பாகை வடக்கு அட்சரேகையை ஒட்டிய நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. மே, ஜூனில் ஐந்தே முக்காலுக்குச் சற்று முன்பும், தை மாதத்தில் ஆறரையை ஒட்டியும் உதயமாகிறது. ஆண்டு முழுவதும் சேர்த்தும் அந்த வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வட ஐரோப்பாவைப் போலக் குளிர்காலத்தில் காலை வெளிச்சத்துக்குப் பஞ்சம் இங்கே இல்லை. மேகம் மூடிய காலையில்கூட வெளியில் பல ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். ட்யூப்லைட் எரியும் அறைக்குள் ஓரிரு நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். நம் கண் பாவை சுருங்கியும் விரிந்தும் சரிக்கட்டிக்கொள்வதால் இந்த வேறுபாடு நமக்கு அவ்வளவாக உறைப்பதில்லை, கடிகாரத்துக்கு உறைக்கிறது. பகலெல்லாம் வகுப்பறையிலும் ட்யூஷன் மாடியிலும் கழித்துவிட்டு, இரவில் அதே அளவு வெளிச்சத்தில் நள்ளிரவுவரை இருக்கும் மாணவனின் மூளைக்குப் பகல் எது, இரவு எது என்பதே மங்கலாகத்தான் எட்டுகிறது.

இனி, ஒரு நாளில் மூளைக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம். இங்கே இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. 1982இல் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி இவற்றைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் கூடிக்கொண்டே போகும் தூக்க நெருக்கடி. மூளையில் சேரும் அடினோசின் என்னும் வேதிப்பொருள் இதற்கு ஒரு முக்கியக் காரணம். காப்பியில் உள்ள காஃபீன் அந்த அடினோசினை ஏற்கும் வாயில்களை அடைத்துக்கொள்வதால்தான் தூக்கம் விலகியது போல் இருக்கிறது. நெருக்கடி குறைவதில்லை, தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். மற்றொன்று, கடிகாரம் தரும் விழிப்பு விசை. அது காலையில் மெல்லத் தொடங்கி மாலைவரை ஏறிக்கொண்டே போய், கூடிவரும் நெருக்கடிக்கு ஈடு கொடுக்கிறது. இரவாகிவிட்டதை உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் என்னும் ஹார்மோன் சுரக்கத் தொடங்கிய பின் இறங்கி, உடல் வெப்பநிலை மிகத் தாழும் விடியலுக்கு முந்தைய நேரத்தில் அடிமட்டத்தைத் தொடுகிறது. இவ்விரண்டின் கூட்டல் கழித்தலே ஒரு மணி நேரத்தில் நாம் எப்படி இருக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கணக்கிலிருந்து, சற்று வியப்பூட்டும் ஒரு விளைவு பிறக்கிறது. வழக்கமாகத் தூங்கப் போகும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் விழிப்பு விசை உச்சத்தில் இருப்பதால், அப்போது தூக்கம் வருவது மிகக் கடினம். நள்ளிரவில் தூங்கிப் பழகிய பையனை, நாளை நான்கு மணிக்கு எழ வேண்டும் என்பதற்காக ஒன்பது மணிக்கே படுக்கச் சொன்னால் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் கிடப்பான். அது அடம் அன்று.

எழுந்தவுடன் முதல் கால் மணி, அரை மணி நேரம் மூளை முழுமையாக விழிப்பதில்லை; ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழுப்பப்பட்டால் இந்த மந்தம் இன்னும் நீளும். கண்ணும் அப்படித்தான்: இமை மூடியிருந்த இரவில் காற்றின் பிராணவாயு குறைவாகவே கிடைப்பதால் கருவிழிப் படலம் மூன்று நான்கு சதவீதம் தடித்திருக்கும், விழித்துச் சிறிது நேரத்தில் வடிந்துவிடும். முற்பகலில் தெளிவு ஏறுகிறது. பிற்பகல் ஒன்றிலிருந்து மூன்று, நான்கு மணிக்குள் ஒரு சரிவு வருகிறது. மதியச் சோற்றின் மேல்தான் இதற்குப் பழி போடுவது வழக்கம். உண்ணாதவர்களுக்கும் அந்தச் சரிவு வருவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள், வயிறு நிறைய உண்டால் அது கூடுகிறது என்பதே உண்மை. பிறகு மாலை நான்கிலிருந்து ஏழுவரை உடல் வெப்பநிலை உச்சத்தை நெருங்கும்போது கைவேகமும் தசை வலிவும் மிகச் சிறந்த நிலைக்கு வருகின்றன. மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பெற்றோர் வீண்பொழுது என்று கருதுவது எனக்கு எப்போதுமே வருத்தம் தந்த விஷயம். உடல் அதற்கென்றே ஆயத்தமாக இருக்கும் வேளை அது.

புலன்களைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை என்றாலும், நமக்குள் நிகழ்ந்தும் நாம் கவனியாத மாற்றங்கள் அங்கேதான் மிகுதி. பல்வலி இரவில் கூடுகிறது என்று சொல்லாத வீடு இல்லை. பகலில் கவனத்தைத் திருப்ப ஆயிரம் வேலைகள் உண்டு, இரவில் வலி ஒன்றே துணை என்று அதற்கு விளக்கமும் சொல்வார்கள். பிரான்சின் லியோன் நகரில் நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், 12 இளைஞர்களை மங்கிய வெளிச்சத்தில் 34 மணி நேரம் தூங்கவிடாமல், சூழலில் எந்த மாற்றமும் இல்லாமல் வைத்து, கையில் அளவான சூடு கொடுத்து வலியைக் கேட்டறிந்தார்கள். ஒரே அளவுச் சூடு, பின்னிரவு மூன்றரை மணியை ஒட்டி மிகுந்த வலியாகவும், பிற்பகல் மூன்றரையை ஒட்டி மிகக் குறைந்த வலியாகவும் உணரப்பட்டது. வேலையில்லாத தனிமை மட்டும் காரணம் அல்ல. வலியை வாங்கும் மூளையே அந்த நேரத்தில் வேறாக இருக்கிறது. வாசனையும் அப்படியே நாளின் ஊடாக ஏறி இறங்குகிறது. பதின்பருவத்தினரை வைத்துச் செய்த ஆய்வொன்றில் மோப்பத் திறன் சராசரியாக முன்னிரவில் உச்சத்திலும், பின்னிரவிலிருந்து காலைவரை தாழ்ந்தும் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது நேரத்தைப் பற்றிய உணர்வின் கதை. 1930களில் அமெரிக்க உடலியங்கியலாளர் ஹட்சன் ஹோக்லண்ட், காய்ச்சலில் படுத்திருந்த தம் மனைவிக்கு மருந்து வாங்கச் சிறிது நேரம் வெளியே போய் வந்தார். வெகு நேரம் ஆயிற்று என்று மனைவி கடிந்துகொண்டார். கோபத்துக்கு விடை சொல்வதை விட்டுவிட்டு, மனத்துக்குள் ஒரு நிமிடம் எண்ணச் சொல்லி அவர் அளந்தார். காய்ச்சல் ஏற ஏற மனைவியின் ‘ஒரு நிமிடம்’ சுருங்கியது. காய்ச்சலே இல்லாதவருக்கும் நாளின் ஊடாக உடல் வெப்பநிலை ஒரு பாகை அளவுக்கு ஏறி இறங்குவதால், வினாடிகளைக் கணிக்கும் உணர்வும் அதனுடன் சேர்ந்து சற்றே அசைகிறது. 1962இல் ஆல்ப்ஸ் மலைக் குகையொன்றில் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் தனித்திருந்த மிஷேல் சிஃப்ரின் அனுபவம் இன்னும் வியப்பானது. செப்டம்பர் 14 அன்று வெளியே வரச் சொன்னபோது, அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20தான். ஆனால் அவர் தூங்கி எழுந்த நேரங்களை வெளியில் இருந்தவர்கள் குறித்து வைத்ததில், உடல் ஏறக்குறைய 24½ மணி நேரச் சுற்றில் ஒழுங்காகவே ஓடியிருந்தது. மனம் கிட்டத்தட்ட நான்கு வாரத்தைத் தவறவிட்டபோதும் உடல் எதையும் தவறவிடவில்லை. தம்மைப் பற்றி மனம் தரும் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. உங்கள் கணவரின் பேச்சுக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மாநிலத்திலும் இந்தத் துறையில் முன்னோடி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் 1970களின் இறுதியில், வெளிச்சமே எட்டாத குகைக்குள் வௌவால்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். அதே குகையில் சுதந்திரமாக வாழ்ந்த மற்ற வௌவால்கள் அந்தியில் வெளியேறி விடியலில் திரும்பும் சந்தடியை ஒட்டியே கூண்டில் இருந்தவையும் தம் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொண்டன. கூட்டம் இல்லாதபோது அவற்றின் நேரம் நகர்ந்து போயிற்று. மனிதர்களிடம் உறவும் சந்தடியும் வெளிச்சத்தின் அளவுக்கு வலிமையான விசைகள் அல்ல. எனினும் எப்போது விளக்கு அணைகிறது, எப்போது சாப்பாடு, எப்போது வீடு அடங்குகிறது என்பனவற்றை வீட்டார்தாம் தீர்மானிப்பதால், பையனின் கடிகாரத்தில் உங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு.

இப்போது நான்கு மணிப் படிப்பு. பதின்பருவத்தில் உடற்கடிகாரம் பின்னுக்கு நகர்கிறது. மெலடோனின் சுரப்பே தாமதமாகத் தொடங்குகிறது. பின்னோக்கிய இந்த நகர்வு பெண்களுக்கு 19½, ஆண்களுக்கு 21 வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு வயது ஏற ஏற முன்னோக்கித் திரும்புகிறது என்பதை மியூனிக் நகர ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். முதியவர்களுக்கு நான்கு மணிக்குத் தானாகவே விழிப்பு வருவதும் தலை தெளிவாக இருப்பதும் இதனால்தான். உங்கள் மாமனார் ஒன்பது மணிக்குத் தூங்கி நான்கு மணிக்கு எழுகிறார் என்றால், அவருடைய உடல் வெப்பநிலை தாழ்நிலையைத் தாண்டி ஏறத் தொடங்கிவிட்டது. அவருக்கு அது உண்மையாகவே காலை. தேவனாம்பட்டினத்தில் விடியுமுன் படகு இறக்கும் மீனவருக்கும் அதே நேரம் காலைதான், ஏனெனில் அவர் ஊர் அடங்குமுன்பே தூங்கிவிடுகிறார், விடியல் வெளிச்சம் முழுவதையும் கடல்மேல் வாங்கிக்கொள்கிறார். இரவு பன்னிரண்டரைக்குப் படுத்த பதினேழு வயதுப் பையனுக்கோ நான்கு மணி நடுச்சாமம். கவனம், எதிர்வினை, புதியதை மனத்தில் நிறுத்தும் ஆற்றல் எல்லாம் நாளிலேயே மிகத் தாழ்ந்திருக்கும் நேரம்.

இழப்பு அத்துடன் நிற்கவில்லை. படித்தது நிலைபெறுவதற்குத் தூக்கமே உதவுகிறது. தூங்கியவர்கள், அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாகவே மறக்கிறார்கள் என்பதை 1924லேயே ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் அளந்து காட்டிவிட்டார்கள். இரவின் கடைசிப் பகுதியில் மிகுதியாக வரும் கனவுத் தூக்கத்தை நான்கு மணி அலாரம் அப்படியே வெட்டி எறிகிறது. இதைவிட மோசமான ஒரு விளைவும் உண்டு. உடல் வெப்பநிலை தாழ்நிலையைத் தொடும் நேரத்துக்குப் பின் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கிறது. அந்த நேரத்துக்கு முன் படும் வெளிச்சம் பின்னுக்குத் தள்ளுகிறது. தாழ்நிலை பொதுவாக வழக்கமான விழிப்புக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வருகிறது. தானாக விட்டால் எட்டு மணிக்கு எழும் பையனுக்கு அது ஐந்து, ஐந்தரை மணி. நான்கு மணிக்கு எழுப்பி ட்யூப்லைட்டுக்கு அடியில் உட்கார வைத்தால் அவன் கடிகாரம் இன்னும் தாமதமாகத்தான் போகும். சீக்கிரம் எழும் பழக்கம் வரட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்வது, அந்தப் பழக்கம் வராமல் இருக்கவே வழி செய்கிறது. மாமனாரிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது என்பதை உங்கள் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுகிறேன்.

இதனால் பையன் விரும்பியபடி விடட்டும் என்றும் நான் சொல்லவில்லை. அவனுக்கு இரவில் பாடம் ஏறுவது உண்மை. ஆனால் பொதுத்தேர்வு காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது, ராத்திரி பதினொன்றுக்கு அல்ல. எட்டு மணிக்கு எழும் பழக்கம் உள்ளவனுக்குப் பத்து மணி என்பது இன்னும் மூளை மேலேறிக்கொண்டிருக்கும் வேளை. தேர்வுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பிருந்தே விழிக்கும் நேரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் வீதம் முன்னே நகர்த்தி, ஆறு, ஆறரைக்குக் கொண்டுவந்துவிடலாம். மார்ச் மாதத்தில் நம் கரையில் ஆறேகால் வாக்கில் சூரியன் எழும். எழுந்ததும் அரை மணி நேரம் மொட்டை மாடியில் புத்தகத்தோடு நடக்கட்டும், அந்த வெளிச்சம்தான் கடிகாரத்தை இழுக்கும் கயிறு. இரவில் ஒன்பதரைக்கு மேல் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, சிறிய மஞ்சள் விளக்கில் எழுதிப் பார்த்துவிட்டுப் பத்தரை வாக்கில் படுக்கலாம். இரவில் சாதாரண அறை வெளிச்சமே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளப் போதுமானது என்பதால் செல்போனை மட்டும் குறை சொல்வதில் பொருளில்லை. மாலை ஆறு மணிக் காப்பியில் ஏறக்குறைய பாதி, பதினோரு மணிக்கும் உடலில் மிச்சம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிவரை தூங்கவிடுவது வார முழுவதும் சேர்த்ததைக் கலைத்துவிடும்; ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் போதும். அவன் நீட் தேர்வும் எழுதுவதாக இருந்தால் கணக்கு சற்று மாறும். அண்மை ஆண்டுகளில் அது மே மாதத்தில் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குகிறது. ஒன்றரைக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். நான் மேலே சொன்ன பிற்பகல் சரிவின் நடுப்பகுதி அது. மாதிரித் தேர்வுகளை அதே இரண்டு மணிக்கு, அதற்குமுன் அரை வயிறு உணவோடு எழுதிப் பழகுவது நல்லது. முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கியவருக்குச் சரிவின் ஆழம் குறையும்.

உங்கள் கணவரைப் பற்றிய பகுதிக்கு வருகிறேன். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் தூங்காதிருப்பதன் விளைவை 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் மதுவோடு ஒப்பிட்டு அளந்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைத்திறன், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் அளவுக்கும், 24 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன் ஏறத்தாழ 100 மில்லிகிராம் உள்ளவரின் அளவுக்கும் இறங்கியது. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 30 மில்லிகிராம். வார விடுமுறை முடிந்து காலை ஏழு மணிக்கு எழுந்தவர், இடையில் தூங்காமல் இரவு பத்து மணி ஷிப்டுக்குப் போனால், மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வண்டியை எடுக்கும்போது 23 மணி நேரம் விழித்திருக்கிறார். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரை மறிக்கும் காவலர் இவரை மறிக்கப்போவதில்லை.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. தமக்குத் தெரிவதைத்தான் சொல்கிறார். 2003இல் வான் டாங்கன் என்பவரும் உடனிருந்தவர்களும் நல்ல உடல்நலம் உள்ளவர்களை 14 நாட்கள் நாளுக்கு ஆறு மணி நேரம் அல்லது நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு நாள்தோறும் சோதித்தார்கள். கவனத் தவறுகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போய், ஆறு மணி நேரம் தூங்கியவர்கள்கூட இறுதியில் இரவு முழுவதும் தூங்காதவர்களின் நிலையை எட்டினார்கள். எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது என்று அவர்களையே கேட்டபோதோ, முதல் சில நாட்களுக்குப் பின் அந்த மதிப்பீடு அவ்வளவாக ஏறவே இல்லை. தமக்குப் பழகிவிட்டது என்றே அவர்கள் நம்பினார்கள். சோர்வை அளக்க வேண்டியதும் மூளைதான், சோர்ந்திருப்பதும் அதே மூளைதான். பெல்ஜியத்தின் லீஜ் பல்கலைக்கழகத்தில் 33 பேரை 42 மணி நேரம் விழித்திருக்கச் செய்து மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில் (2016இல் வெளியானது), மூளையின் உட்பகுதிகள் சில கடிகாரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றி நடந்தன. தீர்ப்புச் சொல்லும் நெற்றிப் பக்கப் பகுதிகளில் விழித்திருந்த நேரத்தின் சுமை மிகுதியாகத் தெரிந்தது. ஆகவே காலை ஏழு மணிக்கு, விடிந்துவிட்டது, கடிகாரம் விழிப்பு விசையைத் தரத் தொடங்கிவிட்டது என்பதால் அவருக்குத் தெம்பாகவே தோன்றும். நீங்கள் சொல்வது மட்டும் காதில் ஏறாது. நீங்கள் கண்டது சரியான அறிகுறி. இந்த விஷயத்தில் அவருடைய சொல்லைவிட உங்கள் கண் நம்பகமானது.

கவனம் தவறுவது என்றால் கொட்டாவி விட்டுத் தூங்கி விழுவதல்ல. கண் திறந்தபடியே சில வினாடிகள் மூளை வெளியுலகை வாங்காமல் நின்றுவிடுகிறது. நின்றது நினைவிலும் பதிவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அத்தகைய மூன்று வினாடியில் 50 மீட்டர் ஓடிவிடும். சிதம்பரம் சாலையில் காலை வேளையில் பால் வண்டியும் பள்ளி வேனும் எதிரே வரும்போது 50 மீட்டர் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நீண்ட கால இரவு ஷிப்டின் மற்ற தீங்குகளைப் பற்றி இங்கே விரிக்கவில்லை; உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதைப் புற்றுநோய்க்கு ஏதுவாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2007லேயே சேர்த்துவிட்டது என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

வேலையை விட முடியாது என்பது தெரிந்ததே. உடனே செய்யக்கூடியவை சில உண்டு. முதல் இரவு ஷிப்டுக்குப் போகும் நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு, அந்தச் சரிவைப் பயன்படுத்திக்கொண்டு, ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிட்டுப் போகட்டும். மாலை ஏழு மணிக்குப் படுத்தால் தூக்கம் வராது என்பதை மேலே பார்த்தோம். காப்பியோ டீயோ ஷிப்டின் முன்பாதியில் மட்டும் இருக்கட்டும். ஷிப்ட் முடிந்ததும் கம்பெனிப் பேருந்து இருந்தால் அதில் வரட்டும், இல்லையென்றால் உடன் வேலை பார்ப்பவர்களில் அன்று இரவு ஷிப்டில் இல்லாத யாராவது அழைத்து வரட்டும். வீட்டுக்கு வந்ததும் குளித்து, சிறிதளவு உண்டு, சன்னலுக்குத் தடித்த திரையிட்ட அறையில் படுக்கட்டும். அவர் தூங்கும்போது வந்து போகும் உறவினரும் தெருவில் கூவும் விற்பனைக்காரரும் நம் ஊரில் பெரிய தொல்லை என்பதால் விசிறியின் ஓசையும் காதுக்குப் பஞ்சும் உதவும். வண்டியில்தான் வந்தாக வேண்டும் என்ற நாளில், கிளம்புமுன் ஆலைக்குள்ளேயே இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டு, எழுந்த மந்தம் தெளிய இன்னும் ஓர் இருபது நிமிடம் நடந்துவிட்டு, அதன் பிறகு சாவியை எடுக்கட்டும்.